பழைய காரின் என்ஜினில் கரியும் ஆயில் கசடும்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐட்லிங் ஆடுகிறது, ஏற்றத்தில் பிக்கப் இல்லை, டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் குறைந்திருக்கிறது. இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது, ஒரு ஃப்ளஷ் டப்பா (ஆயிலோடு கலந்து என்ஜினின் உள்பக்கத்தைக் கழுவும் திரவம்) வாங்கி என்ஜினில் ஊற்றுவது. அது கடைசியாக வர வேண்டிய வேலை. சில வண்டிகளில் வரவே கூடாத வேலை.

கரி தானாகச் சேருவதில்லை. பெட்ரோல் எரியும் இடத்துக்கு எங்கிருந்தோ ஆயில் வருகிறது, அல்லது என்ஜின் சரியாகச் சூடேறாமல் ஓடுகிறது. அந்தக் காரணத்தை நிறுத்தாமல் கரியை மட்டும் எடுத்தால், சில மாதங்களில் அதே இடத்தில் அதே கரி நிற்கும். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை இப்படி: அளப்பது, காரணத்தை அடைப்பது, மேலிருந்து கீழாகச் சுத்தம் செய்வது, கடைசியில் ஆயில்.

ஆல்டோ கே10, வேகன் ஆர், ஐ10 போன்ற சாதாரண பெட்ரோல் வண்டிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இவற்றில் இன்ஜெக்டர் பெட்ரோலை உள்ளிழுப்பு வால்வின் பின்பக்கம் தெளிக்கும். டீசலுக்கும், சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் என்ஜின்களுக்கும் சில படிகள் மாறும். அவற்றைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

1. வேலையைத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஸ்பார்க் பிளக் ஸ்பேனர், ராட்செட் செட், கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளப்பது), டார்ச், ஒரு பெரிய ஊசியும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயும், நிறைய பனியன் வேஸ்ட். இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் மிக நல்லது. சிலிண்டர் ஹெட் அலுமினியம். பிளக்கை ஒரு சுற்று அதிகமாக இறுக்கினாலே மரை போய்விடும்.

என்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் பாகம்தான் த்ராட்டில் பாடி. அதற்கான கிளீனர் வேறு, கார்புரேட்டர் கிளீனர் வேறு. கார்புரேட்டர் கிளீனர் சில த்ராட்டில் பாடிகளின் உள்பூச்சைக் கரைத்துவிடும். டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

புதிய பிசிவி வால்வு (என்ஜினின் கீழ்ப்பகுதியில் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் சின்ன வால்வு), அதன் ரப்பர் ஹோஸ், த்ராட்டில் பாடி கேஸ்கெட், ஆயில் டிரெயின் போல்ட்டின் வாஷர், இரண்டு ஆயில் ஃபில்டர் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் இழுக்கும்போதே உடையும். அது உடைந்த பிறகு கடைக்குப் போக வண்டி இருக்காது.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பழைய என்ஜின் ஆயில் தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியது. தெளிக்கும் கிளீனர்கள் எல்லாமே சட்டென்று தீப்பிடிக்கும். மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

2. ஆயில் எவ்வளவு குறைகிறது என்று அளந்து எழுதுங்கள்

"ஆயில் குடிக்கிறது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த எண் இல்லாமல் தொடங்கினால், கடைசியில் வேலை பலித்ததா இல்லையா என்றே தெரியாது.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஓடி முடித்து பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். மேல் கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரை எழுதிக்கொள்ளுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதே இடத்தில் அதே மாதிரி பாருங்கள். 1,000 கிலோமீட்டரில் மேல் கோட்டுக்குத் திரும்ப எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்பதை அளவுக் குவளையில் ஊற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

பல கம்பெனிகளின் கையேடுகள் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை ஏற்றுக்கொள்ளலாம் என்று சொல்கின்றன. நடைமுறையில் அது மிக அதிகம். கால் லிட்டரைத் தாண்டினாலே காரணம் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது என் கருத்து.

இதே காலத்தில் வெளிக்கசிவையும் பாருங்கள். இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தால் காலையில் தெரிந்துவிடும். வால்வு கவர் பேக்கிங்கில் கசியும் வண்டிக்கு ரிங் (பிஸ்டனைச் சுற்றி வாயுவையும் ஆயிலையும் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்று முடிவு கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

3. புகை, பிளக், கம்ப்ரஷன்

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அது எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். ராத்திரி நின்று காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தாலும் அதே சந்தேகம்தான். ஆக்சிலேட்டரை மிதிக்கும் நேரமெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. அது வேறு கதை.

அடுத்து, என்ஜின் ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றி, எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசை மாறாமல் அடுக்கி வையுங்கள். கழற்றும் முன் பிளக் குழியில் இருக்கும் மண்ணை ஊதி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். உலர்ந்த கறுப்புப் பொடி என்றால் பெட்ரோல் கரி. பளபளப்பான ஈரக் கறுப்பு என்றால் ஆயில். ஒரே ஒரு பிளக் மட்டும் ஈரமாக இருந்தால், பிரச்சினை அந்த சிலிண்டரோடு நிற்கிறது. அதற்காக முழு என்ஜினையும் பழி சொல்ல வேண்டாம்.

இனி கம்ப்ரஷன். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிடுங்கள், பிளக்குக்குப் பொறி தரும் காயில்களின் கனெக்டர்களைக் கழற்றுங்கள். எல்லா பிளக்கும் வெளியே இருக்க, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு நேரம் செல்ஃப் அடியுங்கள். பேட்டரி இறங்கியிருந்தால் எண் தப்பாக வரும். பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களில் 150 பிஎஸ்ஐக்கு மேல் வர வேண்டும். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். 15 சதவீதத்துக்கு மேல் போனால் அது சுத்தம் செய்து தீரும் பிரச்சினை அல்ல என்று எடுத்துக்கொள்ளலாம்.

குறைவாக வந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் பக்கம் கசிவு. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இன்னொன்று, பலருக்கு இது தெரிவதில்லை: கையேட்டு எண்ணைவிட நன்றாக அதிகமாக வந்தால் மகிழ வேண்டாம். பிஸ்டன் தலையில் கரி ஏறி இடம் குறைந்திருக்கிறது. ஏற்றத்தில் டிக் டிக் என்று நாக்கிங் கேட்கும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

4. பிசிவி வால்வு: முதல் சந்தேகம் இங்கேதான்

சின்னப் பொருள், விலையும் குறைவு. இதைப் பார்க்காமலேயே என்ஜினைப் பிரித்த வண்டிகள் நிறைய.

ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை ஆயில் ஆவியோடு சேர்த்து உறிஞ்சி, மறுபடி எரிக்க அனுப்புவதுதான் இதன் வேலை. அடைத்துக்கொண்டால் கீழே அழுத்தம் ஏறும். ஆயில் சீல்களில் கசியும், பிரீதர் ஹோஸ் வழியாக ஏர் ஃபில்டர் பக்கம் ஆயில் ஏறும், ஈரமும் அமிலமும் வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கிக் கசடாகும். திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஆயில் ஆவி அளவுக்கு மேல் உறிஞ்சப்பட்டு உள்ளிழுப்பு வால்வின் பின்பக்கம் கரியாகப் படியும். இரண்டுமே "ரிங் போச்சு" என்று தோன்ற வைக்கும்.

முதல் சோதனை: ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். மேலே தள்ளினால், ஒன்று பிசிவி அடைத்திருக்கிறது, அல்லது ரிங் வழியாக வாயு அதிகமாக இறங்குகிறது. பிசிவியை மாற்றிவிட்டு இதே சோதனையை மறுபடி செய்தால் எது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது: வால்வைக் கழற்றி காதருகே ஆட்டுங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். ஒரு பக்கம் குழாய் வைத்து ஊதினால் போக வேண்டும், மறுபக்கம் ஊதினால் தடுக்க வேண்டும். சத்தம் வரும் வால்வும் சரியாக மூடாமல் இருக்கலாம் என்பதால், பத்து வருடம் ஆன வண்டியில் சோதனை எப்படி வந்தாலும் நான் புதிது போட்டுவிடுவேன்.

ஹோஸில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைத்த தண்ணீர் ஹோஸை வெட்டிப் போடுவார்கள். ஆயில் பட்டதும் அது மெத்தென்று ஊறி, உறிஞ்சும் வேகத்தில் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் புது ஹோஸ், உள்ளே வழியே இல்லை. ஆயிலும் பெட்ரோலும் தாங்கும் ஹோஸ் மட்டும்தான் போட வேண்டும்.

பிசிவி மாற்றிய பிறகு 1,000 கிலோமீட்டர் ஓட்டி, இரண்டாம் படியில் செய்த அளவை மறுபடி எடுங்கள். அளவு நன்றாகக் குறைந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

5. தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள்

நம் ஊரில் இதைக் கேட்டே ஆக வேண்டும். ஓவர்ஹீட் ஆன வண்டியில் தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டு, அது இருந்த வெறும் கூட்டை மட்டும் மூடி அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. "நம்ம வெயிலுக்கு இது தேவையில்லை சார்" என்பார்கள். அது இல்லாமல் என்ஜின் தன் வேலைச் சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். நெடுஞ்சாலைக் காற்றில் வராமலேயே கூட ஓடும். அதுவரை கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் கரியாகும், மீதி ஆயிலில் கலக்கும். ஆயிலில் சேர்ந்த ஈரமும் ஆவியாகாது.

ஓபிடி ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டித் தகவல் படிக்கும் கருவி) கூலன்ட் சூட்டைப் பாருங்கள். ஊருக்குள் கால் மணி நேரம் ஓட்டியபின் 80 டிகிரிக்கு மேல் ஏறி அங்கேயே நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் 60, 65 என்று இறங்கினால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி நின்றுவிட்டது. ஆயில் மூடியின் உள்பக்கம் வெளிர் மஞ்சள் நுரை இருந்தாலும் இங்கே ஒரு பார்வை வேண்டும். கூடவே கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

6. த்ராட்டில் பாடி

ஐட்லிங் ஆடுவதற்கும், சிக்னலில் ஏசி போட்டதும் ஆஃப் ஆவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். தகட்டின் ஓரத்தில் மெல்லிய கறுப்பு வளையமாகப் படியும். ஐட்லிங்கில் தகடு மயிரிழை அளவுதான் திறந்திருக்கும் என்பதால் அந்த மெல்லிய படலமே போதும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, த்ராட்டில் பாடியை வெளியே எடுத்துச் செய்யுங்கள். கிளீனரைத் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும், மோட்டார் பக்கம் நேராகப் பீய்ச்சக் கூடாது. எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தகட்டை விரலால் பலவந்தமாகத் தள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் போனால் முழு யூனிட்டும் மாற்ற வேண்டிவரும். உப்புத்தாளைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

மாட்டிய பிறகு ஐட்லிங் கொஞ்சம் அதிகமாக நிற்கும். கம்ப்யூட்டர் இன்னும் பழைய அழுக்கைக் கணக்கில் வைத்திருக்கிறது. பத்து நிமிடம் ஏசி இல்லாமலும், அப்புறம் ஏசியோடும் ஐட்லிங்கில் விட்டால் பல வண்டிகள் தானே கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனரில் ரீசெட் தேவை.

இதோடு ஒரு டேங்க் பெட்ரோலுக்கு, பாலிஈத்தர்அமீன் என்ற கழுவும் பொருள் கலந்த ஃப்யூயல் கிளீனரை டப்பாவில் சொன்ன அளவில் சேர்த்து ஓட்டி முடியுங்கள். இன்ஜெக்டரையும் வால்வின் பின்பக்கத்தையும் அது படிப்படியாகக் கழுவும். ரிங்குக்கும் ஆயில் கசடுக்கும் அதனால் பயன் இல்லை. ஆயில் மாற்றும் முன்பே இதை முடிக்கச் சொல்வதற்குக் காரணம், கரைந்த அழுக்கில் ஒரு பகுதி ஆயிலுக்குள்தான் இறங்கும்.

7. பிஸ்டன் தலையும் ரிங்கும்: ஊறவைப்பது

கம்ப்ரஷன் ஓரளவு சமமாக இருந்து, பிசிவி மாற்றியும் ஆயில் குறைவது நிற்கவில்லை என்றால் மட்டுமே இந்தப் படி. இங்கே நாம் தேடுவது தேய்ந்த ரிங் அல்ல, கரி பிடித்து அசையாமல் நின்ற ஆயில் ரிங். தேய்ந்ததை எந்த மருந்தும் வளர்க்காது. சிக்கியது விடுபடலாம்.

பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, என்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். நான்கு சிலிண்டரில் எல்லா பிஸ்டனும் ஏறக்குறைய நடுவில் நிற்கும் இடம் ஒன்று உண்டு. மூன்று சிலிண்டரில் அப்படி வராது. ஒன்று அடியில் இருக்க, மற்ற இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும்படி வையுங்கள். உயரம் பார்க்க நீள ஸ்ட்ரா போதும். ஸ்க்ரூடிரைவரை உள்ளே விடாதீர்கள், சிலிண்டர் சுவர் கீறிவிடும்.

ஒவ்வொன்றிலும் பிஸ்டன் கார்பன் கிளீனர் 30 முதல் 50 மில்லி விட்டு, பிளக்கைக் கையால் மட்டும் திருகி மூடி, ராத்திரி முழுக்க விடுங்கள். இடையில் ஓரிரு முறை கிராங்க்கைச் சற்று முன்னும் பின்னும் அசைத்தால் ரிங் ஓரத்தில் இறங்கும்.

காலையில்தான் ஆபத்தான நேரம். திரவம் அமுங்காது. சிலிண்டரில் தேங்கியிருக்க, பிளக்கைப் போட்டுச் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். அதனால் முதலில் ஊசியும் குழாயும் வைத்து மிச்சத்தை உறிஞ்சி எடுங்கள். பிளக் துளைகள் மேல் துணி போடுங்கள். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸ் வெளியே இருக்கிறதா, காயில் கனெக்டர்கள் கழன்றிருக்கின்றனவா என்று மறுபடி பாருங்கள். தொங்கும் காயிலில் ஒரு பொறி போதும், தெறிக்கும் கிளீனர் பற்றிக்கொள்ளும். பிறகு முகத்தை விலக்கிக்கொண்டு சில நொடிகள் செல்ஃப் அடியுங்கள். துணி கறுத்து நனையும்.

இன்னும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ராத்திரி கீழே இறங்கிய கிளீனர் ஆயிலைத் தண்ணியாக்கியிருக்கும். அந்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் தேயும். பழைய ஆயிலை முழுக்க இறக்கி, ஃபில்டர் மாற்றி, கையேட்டில் சொன்ன கிரேடில் விலை குறைந்த ஆயில் ஊற்றுங்கள். பிளக்கைச் சரியான இறுக்கத்தில் போட்டு, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். தெருவே மறையும்படி வெள்ளைப் புகை வரும், பயப்பட வேண்டாம். புகை நின்றதும் நெடுஞ்சாலையில் 20, 30 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள்.

ஓடும் என்ஜினுக்குள் தண்ணீர் தெளித்துக் கரி எடுக்கும் வித்தை வேண்டாம். அளவு கொஞ்சம் கூடினாலும் மேலே சொன்ன அதே ராடு சேதம்தான். அரை மணி நேரம் வாயு செலுத்திக் கரி நீக்கித் தருவதாகச் சொல்லும் மெஷின்கள் பல ஒர்க்‌ஷாப்களில் வந்துவிட்டன. சிக்கிய ரிங்குக்கோ கீழே இருக்கும் கசடுக்கோ அதை நம்பிப் பணம் கட்ட நான் சொல்ல மாட்டேன்.

8. ஆயில் கசடு

ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தேன் நிறத்தில் மெல்லிய படலம் என்றால் கவலையில்லை. விரலை வைத்து எடுத்தால் அல்வா பதத்தில் கறுப்பாக ஒட்டி வந்தால், ஃப்ளஷ் டப்பாவைத் தொடவே வேண்டாம்.

காரணம் இது: ஃப்ளஷ் கசடைக் கரைப்பதோடு நிற்காது, கட்டியாகவும் பெயர்க்கும். அந்தக் கட்டி கீழே ஆயிலை உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். மேலே கேம் ஷாஃப்டுக்கு ஆயில் போகாது. டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டிக் கழுவும் பழைய முறை இன்னும் மோசம். ஆயில் படலமே இல்லாமல் பேரிங் இரும்போடு இரும்பாக உரசும்.

கசடு அதிகம் உள்ள வண்டிக்கு வழி, ஆயில் சம்ப்பை (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) கழற்றி, சம்ப்பையும் வலையையும் கையால் கழுவுவதுதான். மறுபடி ஒட்டும்போது சிலிகான் கேஸ்கெட்டை மெல்லிய கோடாக மட்டும் வையுங்கள். அள்ளிப் பூசினால் உள்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து, நீங்கள் இப்போது கழுவிய அதே வலையை அடைக்கும்.

மிதமான அழுக்கு என்றால், ஏழாம் படிக்குப் பிறகு ஊற்றிய விலை குறைந்த ஆயிலை 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள். விருப்பமிருந்தால் அதை இறக்கும் முன் ஃப்ளஷ் சேர்த்து, டப்பாவில் சொன்ன 10, 15 நிமிடம் ஐட்லிங்கில் மட்டும் விடுங்கள். ஆக்சிலேட்டர் கொடுக்கவோ வண்டியை நகர்த்தவோ கூடாது. சூடாக இருக்கும்போதே இறக்கி, ஃபில்டர் மாற்றி, நல்ல சிந்தெட்டிக் ஆயில் ஊற்றுங்கள். இந்த நாட்களில் எந்த நேரம் ஆயில் விளக்கு எரிந்தாலும் அந்த நொடியே என்ஜினை அணைக்க வேண்டும், வீடு நூறு மீட்டரில் இருந்தாலும் சரி.

9. டீசலும் நேரடி இன்ஜெக்‌ஷனும்

டீசலில் இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் அனுப்புவது) வழியாக வரும் புகைக்கரியும் பிசிவி வழியாக வரும் ஆயில் ஆவியும் உள்ளிழுப்பு மேனிஃபோல்டில் சந்தித்துத் தாராகின்றன. இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினால் பிக்கப் விழுந்து கறுப்புப் புகை வரும். ஸ்கேனரில் பி0402 போன்ற பிழைக் குறியீடு காட்டும், அடைத்துக்கொண்டால் பி0401. வால்வையும் மேனிஃபோல்டையும் கழற்றி வெளியே வைத்துத்தான் கழுவ வேண்டும். வண்டியிலேயே வைத்துப் பீய்ச்சினால் கட்டிகள் சிலிண்டருக்குள் போகும். புதிய கேஸ்கெட் கட்டாயம். இஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். நைட்ரஜன் ஆக்சைடு புகை கூடும், அதைச் சுவாசிப்பது நம் தெருதான். டர்போ ஹோஸில் ஆயில் தேங்கி நின்றால் டர்போ சீலையும் சந்தேகியுங்கள்.

சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் டிஎஸ்ஐ, ஜிடிஐ வகைப் பெட்ரோல் என்ஜின்களில் பெட்ரோல் உள்ளிழுப்பு வால்வைத் தொடுவதே இல்லை. அதனால் டேங்கில் ஊற்றும் கிளீனர் வால்வுக் கரிக்கு உதவாது. மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சி எடுப்பதுதான் சரியான முறை. தெரிந்த கடையில் கொடுத்துச் செய்யுங்கள்.

10. அடுத்த சில ஆயிரம் கிலோமீட்டர்

புது ஆயில் இரண்டு வாரத்தில் கறுத்தால் பதற வேண்டாம். உள்ளே இருந்ததை அது இப்போது சுமந்துகொண்டிருக்கிறது. அடுத்த இரண்டு முறை 3,000 முதல் 5,000 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள், ஃபில்டரோடு. டப்பா மருந்துகளைவிட இந்த ஒன்றுதான் கசடை மெதுவாகவும் பத்திரமாகவும் எடுக்கும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டி என்றால், வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுங்கள்.

இறக்கிய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து, பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

1,000 கிலோமீட்டர் ஆனதும் டிப்ஸ்டிக் கணக்கை மறுபடி எடுங்கள். பாதிக்கு மேல் குறைந்திருந்தால் இன்னொரு முறை ஊறவைத்துப் பார்க்கலாம். அசையவே இல்லை, காலைப் புகை மட்டும் இருக்கிறது என்றால் வால்வு சீல் மாற்றுங்கள். பல என்ஜின்களில் ஹெட்டை இறக்காமலேயே அதைச் செய்யலாம், மெக்கானிக்கிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மிதிக்கும்போதெல்லாம் புகை, ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் ஏற்றம், இரண்டும் சேர்ந்திருந்தால் ரிங் மாற்ற என்ஜினைத் திறக்க வேண்டும். அந்தச் செலவையும் வண்டியின் இன்றைய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.